வேப்பிலைத் தோரணத்துக்கு அந்தாண்ட

கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய கேழ்வரகை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தபோது ஆபிரகாமின் சைக்கிள் மணி அடித்தது. ஒரு தடவை அடித்தால் போதாதா, விடாமல் அடித்துக்கொண்டே இருந்தான். எங்கள் வீடு குப்பத்தின் கடைக்கோடி வீடு. அதற்கப்புறம் ஒரு பூவரச மரம், மரத்துக்கு எதிரே எல்லைக்கல். இரண்டுக்கும் நடுவில் பாதையின் குறுக்கே வேப்பிலைத் தோரணம். காப்பு கட்டின அன்றைக்குக் கட்டியது, இலையெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. தோரணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு ஆபிரகாம் கத்தினான்.

"வச்சலா, சீக்கிரம் வாமே. உன் வூட்டுக்காரன் வந்துகீறான்."

ஆபிரகாம் என் வீட்டுக்காரரோடு கடப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். உப்பங்கழிக்கு அந்தக் கரையில் இருக்கிற உப்பளத்தில் காவல் வேலை. வாயைத் திறந்தால் பாதிக்குப் பாதி புளுகு. துபாயில் இருக்கிற மனுஷனை வைத்து விளையாட உனக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். அவனுக்குப் பின்னால் ஒருத்தர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கறுத்து, மெலிந்து, பெல்பாட்டம் போட்டுக்கொண்டு, கன்னம் வரைக்கும் கிருதா வைத்துக்கொண்டு. ஓட்டு கணக்கெடுக்க வந்த ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஆள் என்னைப் பார்த்ததும் எழுந்து இடது காதைச் சொறிந்தார். தப்புப் பண்ணிவிட்டால் என் வீட்டுக்காரர் அந்தக் காதைத்தான் சொறிவார்.

"இன்னா வச்சலா, இப்படி ஆயிப்பூட்ச்சி" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து என்னைப் பார்த்து என் புருஷன் சொன்ன முதல் வார்த்தை இது. முறத்திலிருந்த கேழ்வரகு பாதி தரையில் கொட்டியிருந்தது, அதைக்கூட ஆபிரகாம் சொல்லித்தான் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குப்பத்தில் கங்கையம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் கட்டுக்காவல்தான். ஊரில் இருப்பவன் வெளியே போய் ராத்தங்கக் கூடாது. வெளியே இருப்பவன் உள்ளே வந்து ராத்தங்கக் கூடாது. பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும் பகலில் வந்து பேசிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் தோரணத்தைத் தாண்டிவிட வேண்டும். காப்பு கட்டும்போது அம்மன் ஊரிலுள்ள தலைகளை எண்ணி வைத்துக்கொள்கிறாள், ராத்திரியில் தெருவில் நடந்து மறுபடி எண்ணிப் பார்க்கிறாள், ஒரு தலை குறைந்தாலும் கூடினாலும் அந்தக் கணக்கைக் கடலில் போய்த் தீர்ப்பாள் என்பார்கள். கடலில் தீர்ப்பது என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூழ் வார்த்து, கரகம் கடலுக்குப் போய், காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விடும்வரை யாரும் கட்டுமரத்தை இறக்கமாட்டார்கள். மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது. கையில் காப்பு கட்டியவர்களுக்கு இன்னும் கட்டு அதிகம். தனிப்பாய். ஆணோ பெண்ணோ, கட்டினவர் துணையைத் தொடக் கூடாது.

என் வலது கையில் காப்பு இருந்தது.

இவருக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்துதான் கணக்குப் போட்டு வந்திருக்கிறார். வருஷா வருஷம் ஆடி மூன்றாம் வாரம் கூழ் வார்த்துவிடுவோம். ஆவணி பிறந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் இல்லை, கம்பெனியில் ரம்ஜானுக்கு லீவு விடுகிறார்கள், ஒருத்தருக்கும் சொல்லாமல் போய் நிற்கலாம் என்று கிளம்பிவிட்டார். ஆடியில் ஊர்த்தலைவர் நாட்டார் சடையனுடைய அண்ணன் செத்துப்போனதும், ஊருக்கே தீட்டு என்று திருவிழாவை ஆவணிக்குத் தள்ளியதும் துபாயில் யார் சொல்லப் போகிறார்கள்? பம்பாயிலிருந்து ரயில், மெட்ராஸிலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ். கடப்பாக்கத்தில் இறங்கும்போது யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாராம், திருடன் மாதிரி. நான் விளக்கேற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போது எதிரே பேசாமல் நிற்க வேண்டுமாம். பம்பாய் ரயிலில் இரண்டு நாளும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாராம். எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருஷம் அது. ஊர் உலகமே எதையெதையோ நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது, இவர் இதை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தும் சேர்ந்தார். அதனால்தான் அன்றைக்கு உள்ளே காலே வைக்க முடியவில்லை.

என் மாமியார் ஆராயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தோரணத்துக்கு இந்தப் பக்கம் நின்று அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "ஒரு கடுதாசி போட்டா உன் கை தேஞ்சா பூடும்? ஊரையே கூட்டிகினு வரவோணாம்னு சொல்லு, வர்றத சொல்லக்கூடாதா? படுபாவி, எப்படி எளச்சிட்டான் பாரு." நாட்டார் சடையனும் வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு வாரம் தள்ளிகினு போயிருப்பமேடா இருசப்பா. தள்ளினதுதான் தள்ளினோம்." அதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அந்த ஒரு வாரத்தை அடுத்த நாலு நாளும் ஊரில் ஒவ்வொருத்தரும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பாவம் பார்த்துத்தான் சொன்னார்கள், புண்ணில் புளியைக் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பெட்டியைத் திறந்து பளபளவென்று நீளமாக ஒரு டார்ச் லைட்டை எடுத்தார். எடுத்தவர், என்ன ஏது என்று கேட்காமல் என் முகத்தில் அடித்தார். நான் கையால் மறைத்துக்கொண்டேன். நாட்டார் இருக்கிறார், மாமியார் இருக்கிறாள், சந்தையில் மீன் செவுளைத் திறந்து பார்க்கிற மாதிரி இப்படியா பார்ப்பது?

"கைய எடுமே. உன்ன பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்" என்றார்.

கையை எடுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளிச்சம் என் மேல் இருந்ததால் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு ஆபிரகாமின் கொட்டகையில் படுக்கப் போனார். உப்பளத்துக் கொட்டகை எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கழிக்கு அந்தப் பக்கம் நேரே தெரியும். அங்கே போய்ச் சேர்ந்ததும் டார்ச்சை மூன்று தடவை அடிக்கிறேன், பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அடித்தார். ஒன்று, நிறுத்தி ஒன்று, இன்னும் நிறுத்தி ஒன்று. நான் அரிக்கேன் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு இறக்கினேன். மாமியார் குழந்தையின் முகத்தைத் திருப்பி, "தோ பாரு, உன் நைனா" என்றாள். "நைனா" என்று அது வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்னது.

மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன்பே வந்துவிட்டார். வந்து என்ன? வீடு முழுக்க ஜனம். துபாயில் மழை பெய்யுமா, தங்கத்தை ரோட்டில் போட்டு விற்பார்களா என்று கேட்டுக்கொண்டு அரைக் குப்பம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. பெட்டியிலிருந்து டேப்ரெக்கார்டர் வந்தது, செண்டு பாட்டில் வந்தது, படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பொம்மை வந்தது. எனக்கு நைலக்ஸ் புடவை, கடல் பச்சையில். கட்டிக் காட்டு என்றார். மஞ்சள் நனைத்த பழம்புடவை தவிர வேறு எதையும் காப்பு அவிழ்க்கிறவரை கட்டக் கூடாது என்று மாமியார் எனக்கு முந்திப் பதில் சொன்னாள். புடவையை மடித்து வைக்கும்போது முகர்ந்து பார்த்தேன். ஏதோ சோப்பு வாசனை. அவர் வாசனை இல்லை.

குழந்தை ஜெகதா பிறந்ததே அவர் போன பிறகுதான். பாஸ்போர்ட்டுக்காகச் செங்கல்பட்டு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ சுவரில் மாட்டியிருந்தது, கிருதா இல்லாமல், எண்ணெய் வைத்துப் படிய வாரின தலையோடு. அதைக் காட்டி நைனா என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருந்தேன். நேரில் வந்த ஆளைப் பார்த்து அது அழுது ஊரைக் கூட்டியது. பொம்மையைக் காட்டினால் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு மாமியார் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "நான்தான் உன் நைனா" என்றார். அது சுவரைக் காட்டியது, பிறகு கழியின் பக்கம் காட்டியது. அவர் சிரித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

சாப்பாடு இன்னொரு கூத்து. ரொட்டியும் பருப்பும் தின்று நாக்கு செத்துப்போய், மடவை மீன் குழம்பு என்று கனவு கண்டுகொண்டு வந்தவருக்கு முருங்கைக்கீரையும் கூழும்தான் போட்டேன், அதுவும் தாளிக்காமல். சத்தமில்லாமல் குடித்தார். சாயங்காலமானால் ஆபிரகாம் கழியில் வலை போட்டு மடவை பிடித்து அவருக்கு வறுத்துப் போட்டான். மறுநாள் வந்து, "அவன் மொளவா போட்டு வறுத்தான் பாரு, ஜோரா இருந்திச்சி" என்று சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்ச் சொல்ல? என் புருஷனுக்கு இன்னொரு பொம்பளை பொங்கிப் போட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. ஆபிரகாமைப் பார்த்து, "உப்பு அள்ற கையில நல்லாத்தான் வறுப்ப" என்றேன். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ். ராத்திரி மெட்ராஸில் பம்பாய் மெயில், அங்கிருந்து விமானம். ஒரு நாள் பிந்தினால் வேலை இல்லை, வேறு ஆளைப் போட்டுவிடுவான். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கூழ், அன்று பொழுது சாயும்போது காப்பு அவிழ்ப்பு. மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கிற நேரம். அந்த நேரத்துக்குள்தான் என் இரண்டு வருஷம் மாட்டிக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தது அப்போதுதான். நான் அடுப்பண்டை. அவர் நடுவீட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு. பேச நினைத்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ, "துபாயில காத்து அடிக்குமா?" என்று கேட்டேன். "அடிக்கும். மண்ணா அடிக்கும்" என்றார். கிட்டே வந்தார். கையை நீட்டினார். என் கைக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திக்கொண்டார். அந்தக் கையின் சூடு எனக்குத் தெரிந்தது, அல்லது அடுப்பின் சூடோ என்னவோ.

"நாட்டாரக் கேட்டேன்" என்றார். "காப்ப அவுத்து ஆத்தா சூலத்துல கட்டிட்டா, அப்பால நீ அந்தாண்ட வரலாம், ஊரு ஒண்ணியும் கேக்காதுன்றாரு. ஒரு ராத்திரிதான் கேக்கறேன் வச்சலா. ஒக்காந்து பேசிகினு இருந்தாகூட போதும்."

எனக்கு ஆசையில்லை என்றா நினைக்கிறீர்கள்? கல்யாணமாகி நாலு மாசத்தில் அனுப்பிவைத்தவள் நான். தலையணையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் இடது கை முடிச்சுக்குப் போய்விட்டது. மஞ்சளில் ஊறி இறுகின முடிச்சு, நகம் இறங்கவில்லை. நான் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா, நீ எதுக்குக் கட்டிகின? பொம்பளைங்க வேண்டுதல் இருந்தாத்தான கட்டுவீங்க?"

நான் அவருக்கு எழுதவில்லை. அவர் வருவதைச் சொல்லாமல் வந்தார், நான் வேண்டினதைச் சொல்லாமல் இருந்தேன். மாசியில் அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருத்தர் துபாயிலிருந்து வந்து, இவர் கம்பெனியில் கட்டடச் சாரம் சரிந்து நம் பக்கத்து ஆள் ஒருத்தன் போய்விட்டான், பேர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பங்குனி முடிகிறவரை இவரிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் தாலியைப் பிடித்துக்கொண்டு கங்கையம்மன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவரை ஒரு தடவை என் கண்ணில் காட்டு தாயே, அது போதும், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன், இந்த வருஷம் உனக்குக் காப்பு கட்டிக் கூழ் வார்க்கிறேன் என்றேன். சித்திரையில் கடிதம் வந்தது. வேண்டுதல் வேண்டுதல்தானே?

காட்டிவிட்டாள். நாலு நாளாகப் பகல் முழுக்கக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். போதவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவன் பேரு கேசவன். படாளத்துக்காரன். நானும் அவனும் ஒரே பலகைல நின்னுகினு இருந்தோம். தண்ணி தவிக்குதுன்னு நான் எறங்கினேன். பாதி தூரம்தான் எறங்கியிருப்பேன்." நிறுத்திக் காதைச் சொறிந்தார். "அப்பால கைல எழுத்தே ஓடல வச்சலா. இன்னான்னு எழுதறது?"

என் கை முடிச்சிலேயே இருந்தது. ஒரு நூல் தளர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும். அவர் அதைப் பார்த்தார். மறுபடி அந்தச் சாரத்துக்குத்தான் போகப் போகிறார், அதே பலகை இல்லாவிட்டால் வேறு பலகை. நான் அதை நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. திருவிழாவுக்கு ராட்டினம் ஆட வருகிறவர்.

"வோணாம். இருக்கட்டும்" என்றார். "முடிச்ச இறுக்கிக்கோ."

ஒரு கையால் இறுக்க வரவில்லை. அவர் தொடக் கூடாது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, இன்னொரு முனையை விரலில் சுற்றி இழுத்தேன். வாயெல்லாம் மஞ்சள் கசந்தது. அழுகை வந்தது, அழுதேன். எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவரும் அழுதார். தொட்டுக்கொள்ளாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும்போது நாட்டார் முதல் கரண்டியை அவருடைய சொம்பில் ஊற்றச் சொன்னார். நான்தான் ஊற்றினேன். குடித்தார். மீசையில் ஒட்டியிருந்தது, துடைத்துவிட யாரும் இல்லை. குழந்தை அன்றைக்கு அழவில்லை, கிட்டேயும் போகவில்லை. மாமியார் இடுப்பில் இருந்தபடியே அவருடைய பெல்பாட்டத்தை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காலை மட்டும் பிடித்துப் பார்த்தார். கொலுசுக்கு மேலே, விரலால் அளவெடுக்கிற மாதிரி.

தோரணம்வரை போனேன். ஆபிரகாம் பெட்டியைச் சைக்கிளில் கட்டினான். அந்த டார்ச் லைட் அவன் இடுப்பில் செருகியிருந்தது. பார்த்ததும் சுருக்கென்றது. ஊரில் இல்லாத அதிசயமாக வாங்கி வந்ததை மீன் வறுத்துப் போட்டவனுக்குக் கொடுத்துவிட்டாரே, என் கையில் கொடுத்திருந்தால் நான் வைத்துக்கொள்ள மாட்டேனா? போகிற மனுஷனிடம் அதையா கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன். "அடுத்த தடவ கடுதாசி போட்டுட்டு வா" என்றேன். "பத்து போடறேன்" என்றார். சவுக்குத் தோப்பு திரும்புகிற இடத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டிலிருந்து அது எப்போதும் கேட்கும், அதுவரை நான் கவனித்ததே இல்லை.

பொழுது சாயும்போது கரகம் கடலுக்குப் போனது. பம்பை, சிலம்பு, குலவை. இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றோம். பூசாரி கத்தியால் என் காப்பை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டார். அவ்வளவுதான். நேற்று நகம் இறங்காத முடிச்சு. நூல் அலையில் கொஞ்ச தூரம் போய், திரும்பி என் வயிற்றில் ஒட்டிக்கொண்டது, எடுத்து வீசினேன். சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டு ஒருத்தர்மேல் ஒருத்தர் தண்ணீர் இறைத்தார்கள். இனிமேல் மீன் உண்டு, தாளிப்பு உண்டு, எல்லாம் உண்டு.

ஈரப்புடவையோடு வீட்டுக்கு வந்தேன். மாமியார் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஜெகதாவைக் காணோம். பின்பக்கம் போனால், கழியோரத்தில் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தது. விளக்கு வைக்கிற நேரமானால் அங்கே போய் நிற்க வேண்டும் என்று நாலு நாளில் பழகிவிட்டது. வாடி, நைனா ஊருக்குப் போயிட்டார் என்று கையைப் பிடித்தேன். உதறிக்கொண்டது. அதற்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகைப் பக்கம் வெளிச்சம் அடித்தது.

ஆபிரகாம்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் அடித்தால் ஒன்று, நிறுத்தி ஒன்று, இன்னும் நிறுத்தி ஒன்று. இவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. புது டார்ச்சை அணைக்க மனசில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தான், பிறகு ஞாபகம் வந்தவன்போல இரண்டு தடவை படபடவென்று அடித்தான். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடி என்று அவர் எவ்வளவோ சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார்.

"நைனா" என்றது குழந்தை, பொம்மையை ஆட்டிக்காட்டி.

மெயில் இன்னும் கிளம்பியிருக்காது. கூட்டத்தில் எங்கேயோ பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் அணையவில்லை, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் அரிக்கேன் விளக்கை ஏற்றி எடுத்துவந்து தலைக்கு மேலே தூக்கினேன். மணிக்கட்டில் நூல் இருந்த இடம் மஞ்சளாக இருந்தது. கை வலிக்கிறவரை தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.